எங்கள் கொப்பிக்கு ஏற்றபடி ஒரு செயலி



நெடுந்தீவில் மாதர் சங்கம் ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். குறிகாட்டுவானில் படகு ஏறும்போதே கடல் கொந்தளிப்பாக இருந்தது. கூட்டம் தொடங்கவே பத்தரை மணியாகிவிட்டது. சங்கத்தின் சுழல்நிதிக் கணக்கைக் கைத்தொலைபேசியில் பதிவதற்கென்று உதவி நிறுவனம் ஒன்று ஆயத்தமாகச் செய்து கொடுத்த செயலியை அங்கத்தவர்களுக்குப் பழக்குவதே அன்று எனது வேலை.

பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்று ஒவ்வொருவராகப் பதிந்துகொண்டு வந்தோம். அறுபதை நெருங்கும் ஓர் அக்காவின் முறை வந்தது. ‘திருமண நிலை’ என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது. திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர் என நான்கு தெரிவுகள் இருந்தன. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

“இதிலை நான் எதைத் தொடுறது பிள்ளை?” என்று கேட்டார்.

அவருடைய கணவர் போர்க்காலத்தில் ஒருநாள் வெளியே போனவர். இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. எனக்கோ பின்னேரப் படகைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற அவசரம். “ஏதாவது ஒன்றைத் தொடுங்கோ அக்கா, பிறகு மாத்தலாம்” என்று சொல்லிவிட்டேன். அக்கா மறுவார்த்தை பேசவில்லை. தொலைபேசியை எனது மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள் நான். அன்று படகில் திரும்பும்போது என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. இரவு கணினியைத் திறந்து அந்தச் செயலியின் உட்பக்கத்தைப் பார்த்தேன். அந்த நான்கு தெரிவுகளையும் மாற்ற ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அதை மாற்றலாம் என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவேதான் இம்மாதம் இந்த விடயத்தை எழுதுகிறேன்.

இது என்ன வகைச் செயலி?

முன்பெல்லாம் கணினியில் ஒரு கணக்கு முறையை உருவாக்குவதென்றால் நிரலாளர் ஒருவர் வரி வரியாகக் குறிமுறை எழுத வேண்டும். இப்போது ஆயத்த உறுப்புகளைத் தெரிவுசெய்து, பொருத்தி, பெயர் மாற்றி நாமே ஒரு செயலியை அமைத்துக்கொள்ளலாம். இதை ‘லோ-கோட்’, அதாவது குறைந்த குறிமுறை என்கிறார்கள். இந்தப் பெயர் 2014இல்தான் வந்தது. ஆனால் எண்ணம் பழையது. 1979இல் தனியாள் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான ‘விசிகால்க்’ வந்தபோதே, குறிமுறை தெரியாத கணக்காளர் தமது கணக்கைத் தாமே கணினியில் அமைக்கத் தொடங்கிவிட்டார். இன்று நாம் பாவிக்கும் எக்செல் அந்த வழியில் வந்ததுதான்.

உங்களில் பலருக்குத் தையல் தெரியும். கடையில் வாங்கிய சட்டை தோளில் தொங்கினால் தையலைப் பிரித்துப் பிடித்துத் தைக்கிறோம். கைக்கு நீளமென்றால் மடித்து அடிக்கிறோம். சட்டைக்கேற்ப உடம்பை மாற்ற எவரும் முயல்வதில்லை. செயலியும் அப்படியே.

வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுத் தொலைபேசியில் பதிந்துகொண்டு போகும் உத்தியோகத்தர்கள் பலர் ‘கோபோ’ என்ற கருவியைப் பாவிக்கிறார்கள். ஒருமுறை கேட்டுப் பதியும் கணக்கெடுப்புக்கு அது நல்லது. மாதாமாதம் திறந்து பார்த்து, கட்டியதைக் கழித்து, மீதியைச் சொல்ல வேண்டிய சங்கக் கணக்குக்கு ‘அப்ஷீட்’ போன்றவை பொருத்தம். 2020இல் கூகிள் நிறுவனம் வாங்கிய இந்தக் கருவி, ஒரு விரிதாளை எடுத்து அதையே தொலைபேசிச் செயலியாக ஆக்கித் தரும். சோதனை நிலையில் பத்துப் பேர் வரை கட்டணமின்றிப் பாவிக்கலாம். அதற்கு மேல் டொலரில் கட்டணம் வரும் என்பதால் தொடங்குமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க எமது நாட்டின் சுகாதாரத்துறை புதிதாக ஒரு மென்பொருளை ஆரம்பத்திலிருந்து எழுதவில்லை. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் ‘டி.எச்.ஐ.எஸ்.2’ என்ற திறந்த மென்பொருளை எடுத்து, தமக்கு வேண்டிய கேள்விகளை வைத்து, சில நாட்களிலேயே வேலைக்கு ஆயத்தமாக்கினார்கள். அந்த அமைப்பைப் பின்னர் வேறு நாடுகளும் எடுத்துப் பயன்படுத்தின.

முதலில் கொப்பிகளை விரியுங்கள்

தொலைபேசியை எடுக்கும் முன் உங்கள் சங்கத்தின் கொப்பிகள் எல்லாவற்றையும் பாயில் விரித்து வையுங்கள். அங்கத்தவர் பதிவேடு, சேமிப்புக் கொப்பி, கடன் கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகம், கூட்ட அறிக்கை. ஒவ்வொன்றிலும் என்னென்ன தலைப்புகளின் கீழ் எழுதுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். அடுத்து ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, ‘இதை யார் பார்க்கிறார், எதற்குப் பார்க்கிறார்’ என்று எழுதுங்கள். ஒருவரும் பார்க்காத தலைப்பு செயலிக்குள் வரத் தேவையில்லை.

ஆயத்தச் செயலியில் உள்ள தலைப்புகளையும் இதே தாளில் எதிர்ப்பக்கம் எழுதிப் பாருங்கள். கொப்பியில் இருந்து செயலியில் இல்லாதவற்றைச் சேர்க்க வேண்டும். செயலியில் இருந்து கொப்பியில் இல்லாதவற்றை ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று தந்தவரிடம் கேட்க வேண்டும். இந்தத் தாள்தான் உங்கள் திட்டம்.

ஒரே அட்டவணைக்குள் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்

பலர் செய்யும் முதற் பிழை இது. ஓர் அங்கத்தவர், அவர் எடுத்த கடன், அவர் கட்டிய தவணைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவார்கள். பத்தாவது தவணை வரும்போது அட்டவணை பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். இரண்டாவது கடன் எடுத்தால் முதற் கடன் அழிந்துபோகும்.

மூன்று அட்டவணைகள் வையுங்கள். ஒன்றில் அங்கத்தவர், ஒருவருக்கு ஒரு வரி. இரண்டாவதில் கடன், ஒரு கடனுக்கு ஒரு வரி. மூன்றாவதில் தவணை, ஒவ்வொருமுறை பணம் கட்டும்போதும் ஒரு வரி. மூன்றையும் இணைப்பது அங்கத்தவர் இலக்கமும் கடன் இலக்கமும்.

இணைப்புக்குப் பெயரைப் பாவிக்காதீர்கள். எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் ஒரு சங்கத்திலேயே மூன்று பேர் இருப்பார்கள். தகப்பனின் முதலெழுத்தா கணவரின் முதலெழுத்தா என்பதிலும் குழப்பம் வரும். அடையாள அட்டை இலக்கமும் வசதியில்லை. ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை சிலரிடம், 2016 முதல் வந்த பன்னிரண்டு எண் இலக்கம் சிலரிடம். ஒருவரே ஓரிடத்தில் பழையதையும் இன்னோரிடத்தில் புதியதையும் கொடுத்திருப்பார். 1, 2, 3 என்று சங்கமே கொடுக்கும் அங்கத்தவர் இலக்கம்தான் பாதுகாப்பு. விலகியவரின் இலக்கத்தைப் புதியவருக்குக் கொடுக்கவும் கூடாது.

சின்னப் பிழைகள், பெரிய தலையிடி

தொலைபேசி இலக்கத்தை ‘எண்’ என்று வகைப்படுத்தினால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமற் போய்விடும். 077 என்று தொடங்குவது 77 ஆகிவிடும். அதை ‘தொலைபேசி’ அல்லது ‘எழுத்து’ என்று வகைப்படுத்துங்கள்.

5/6 என்று எழுதினால் நமக்கு யூன் 5. அமெரிக்க முறையில் மே 6. விரிதாளின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்றிருந்தால் ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள், நாள் முதலில் வரும். இதைக் கவனிக்காததால் உரிய நாளில் கட்டியவர்களைச் செயலி தவணை தவறியவர் என்று சிவப்பில் காட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பெயர்ப்பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

தட்டெழுத விடுவதைவிடத் தெரிவுப் பட்டியல் கொடுப்பது நல்லது. ‘ஊர்காவற்றுறை’ என்பதை நான்கு பேர் நான்கு விதமாக எழுதினால் செயலிக்கு அவை நான்கு ஊர்கள்.

பனம்பொருள் விற்கும் குழுக்களுக்கு இன்னும் இரண்டு விடயம் உண்டு. ஆயத்தச் செயலிகளில் பெரும்பாலும் கிலோவும் லீற்றரும்தான் அலகுகளாக இருக்கும். எங்களிடம் ஒடியல் கிலோவில், பனங்கட்டி குட்டானில், பனங்கிழங்கு கட்டில், நீத்துப்பெட்டி எண்ணிக்கையில். அலகுப் பட்டியலில் இவற்றையே சேர்த்துவிடுங்கள். அடுத்தது விலை. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் ஒரு விலைக்கும் மற்றைய நாளில் இன்னொரு விலைக்கும் விற்போம். விற்பனைப் பதிவு பொருட்பட்டியலில் உள்ள விலையைப் பார்த்துக் கணக்கிட்டால், விலையை மாற்றியவுடன் பழைய விற்பனைத் தொகைகளும் சேர்ந்து மாறிவிடும். விற்ற அன்றைய விலை விற்பனை வரியிலேயே பதிந்து நிற்க வேண்டும்.

வட்டியைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள்

இதுதான் மிக முக்கியமானது. உதாரணமாக 20,000 ரூபா கடன், மாதம் 2,000 ரூபா முதலாகப் பத்துத் தவணை, மாத வட்டி 1 சதவீதம் என்று வைப்போம். மீதிக்கு மட்டும் வட்டி எடுக்கும் சங்கத்தில் முதல் மாதம் 200 ரூபா, அடுத்த மாதம் 180, பிறகு 160 என்று குறைந்து கடைசி மாதம் 20 ரூபா வட்டி வரும். மொத்த வட்டி 1,100 ரூபா. ஆனால் செயலி முழுத் தொகைக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி போட்டால் மாதம் 200 வீதம் 2,000 ரூபா. அதே கடன், அதே 1 சதவீதம், 900 ரூபா வித்தியாசம்.

வட்டிச் சூத்திரத்தை எழுதியவருக்கு உங்கள் யாப்பு தெரியாது. ‘கொம்பியூட்டர் சொல்லுது’ என்று 900 ரூபாவைக் கூடுதலாகக் கட்டும் பெண் எங்கள் அயல்வீட்டுக்காரி. நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட கடனுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போன விடயம் அது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றவர்களிடம் கணக்குக் கேட்கத் தெரியாமல் இருந்தோம். எங்கள் சங்கத்திலாவது கணக்கு எங்களுக்கு விளங்க வேண்டும்.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. முன்பு கட்டி முடிந்த ஒரு கடனைப் பழைய கொப்பியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தவணையாகச் செயலியில் பதியுங்கள். கடைசியில் மீதி பூச்சியம் வர வேண்டும், வட்டி கொப்பியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். இரண்டு மூன்று கடன்களுக்கு இப்படிச் செய்து பார்த்தால் சூத்திரத்தின் குணம் தெரிந்துவிடும். மீதியை எவரும் கையால் எழுத இடம் கொடுக்காதீர்கள். கடனிலிருந்து கட்டிய முதலைக் கழித்து அது தானாகவே வரட்டும்.

சமிக்ஞை இல்லாத இடத்தில்

சமிக்ஞை எங்கள் தீவுகளில் ஓரிடத்தில் வரும், நாலடி தள்ளினால் போய்விடும். இணைப்பு இல்லாதபோதும் பதிய முடிகிறதா, பிறகு இணைப்பு வந்ததும் அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்ஷீட், கோபோ இரண்டிலும் இந்த வசதியை அமைக்கலாம். ஆனால் அனுப்பும் வரை அந்தப் பதிவு ஒரு தொலைபேசிக்குள் மட்டும்தான் இருக்கும். தொலைபேசி கடலில் விழுந்தால் கணக்கும் விழுந்தது. எனவே கூட்டம் முடிந்ததும் சமிக்ஞை உள்ள இடத்துக்குப் போய் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பணம் வாங்கினால் காகிதப் பற்றுச்சீட்டு கட்டாயம் கொடுங்கள். ஒரே வரியை இருவர் இரண்டு தொலைபேசிகளில் திருத்துவதையும் தவிருங்கள்.

சாவி யார் கையில்?

ஒரு சங்கத்தில் இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய செயலி ஒருநாள் திறக்கவில்லை. காரணம், அதை ஒரு திட்ட உத்தியோகத்தரின் சொந்த மின்னஞ்சலில் அமைத்திருந்தார்கள். திட்டம் முடிந்தது, அவர் வெளிநாடு போனார், கணக்கும் போனது. கொப்பியை நிறுத்தாமல் எழுதிவந்த ஒரு பொருளாளரால்தான் அந்தச் சங்கம் தப்பியது. சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் திறந்து அதில் செயலியை அமையுங்கள். கடவுச்சொல்லை ஒரு உறையில் இட்டு ஒட்டி, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையொப்பமிட்டு அலுமாரியில் வையுங்கள். மாத முடிவில் மூன்று அட்டவணைகளையும் தரவிறக்கி ஒரு பிரதி எடுங்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அமைக்க முடியும். தனியே வாழும் பெண்களின் தொலைபேசி இலக்கங்கள் பட்டியலாக எல்லோருக்கும் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரவில் வரும் அழைப்புகளைப் பற்றி என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள். பொருளாளர் எல்லாவற்றையும் பார்க்கட்டும், அங்கத்தவர் தன்னுடையதை மட்டும் பார்க்கட்டும். ஒருவருக்கு எந்த நோக்கத்துக்குத் தேவையோ அதற்கு வேண்டிய விபரத்தை மட்டும் திரட்ட வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. எங்கள் தாளில் ‘இதை யார் பார்க்கிறார், எதற்கு’ என்று எழுதியதும் அதே நியாயம்தான்.

மாற்றும்போது

ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதி எடுத்து அதில் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்த திகதியைக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். பதிவுகள் உள்ள தலைப்பை அழிக்க வேண்டாம், மறைத்து வையுங்கள். தலைப்பின் உட்பெயரை மாற்றினால் சூத்திரங்கள் குழம்பக்கூடும். திரையில் தெரியும் பெயரை மட்டும் தமிழில் மாற்றினால் போதும். அமைக்கும் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் என்று பின்வாங்காதீர்கள். உயர்தரம் படிக்கும் மகளையோ மருமகளையோ பக்கத்தில் இருத்துங்கள். ஆங்கிலத்தை அவர் வாசிக்கட்டும், முடிவை நீங்கள் எடுங்கள். குறைந்தது மூன்று மாதம் கொப்பியும் செயலியும் ஒன்றாக ஓடட்டும்.

அக்காவின் கேள்வி

அடுத்த மாதம் நெடுந்தீவுக்குப் போனதும் முதலில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கூட்டத்தில் அந்தத் தெரிவுகளைக் காட்டி, ‘கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற இரண்டையும் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். 2016இல் வந்த சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம் என்பதையும் விளக்கினேன். அதைப் பெற்றவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரண்டும் அவரவர் முடிவு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “எல்லாம் சரி பிள்ளை. இருபதாயிரம் கடன் தாறதுக்கு என்ரை மனுசன் எங்கை எண்டு ஏன் உங்களுக்குத் தெரிய வேணும்?” என்றார்.

ஒருவரிடமும் பதில் இல்லை. எங்கள் தாளைப் பார்த்தோம். கடன் கொப்பியில் அப்படியொரு தலைப்பு என்றுமே இருந்ததில்லை. அறிக்கைக்குப் பெண் தலைமைக் குடும்பங்களின் தொகை தேவை என்று நிறுவனத்தார் சொன்னார்கள். அதற்கு அங்கத்தவர்களே கூடிப் பேசி வேறொரு கேள்வியைக் கொடுத்தார்கள்: ‘உங்கள் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர் நீங்களா?’ ஆம், இல்லை என்று இரண்டே தெரிவுகள். திருமண நிலை என்ற தலைப்பை அன்றே எடுத்துவிட்டோம். நிறுவனத்தாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அக்கா தொலைபேசியை வாங்கி ‘ஆம்’ என்பதைத் தொட்டார். பிறகு தனது முதல் தவணையைத் தானே பதிந்தார், 2,200 ரூபா.

உங்கள் சங்கத்துக்கும் யாராவது ஆயத்தமாக ஒரு செயலியைக் கொண்டுவந்து தந்தால் நன்றி சொல்லி வாங்குங்கள். அத்துடன் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: இதை நாங்கள் மாற்றலாமா? எப்படி மாற்றுவது என்று எங்களில் இருவருக்குப் பழக்கித் தருவீர்களா? மற்றது கொப்பி. அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.